வெல்மாவுக்குக் கொடுத்த நிமிடங்கள்

என் மனைவி வெல்மா பொய் சொல்ல மாட்டாள். உண்மையையும் அவ்வளவு லேசில் சொல்லிவிட மாட்டாள். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் அவள் வாயிலிருந்து அடுத்த வீட்டுச் சமாசாரம் ஒன்றுகூட நான் கேட்டதில்லை. என் தங்கைகள் இரண்டு பேரும் ஒரே மத்தியானத்தில் பேசித் தீர்ப்பதை வெல்மா ஆயுசுக்கும் வயிற்றுக்குள் வைத்திருப்பாள். அதனால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பேசுவது நான், கேட்பது அவள். நான் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். பேசுவதற்கு எனக்கு விஷயப் பஞ்சம் இல்லை.

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரின் வடக்குப் பக்கத்தில் இன்றைக்கு முப்பது வயதுக்குள் இருப்பவர்கள் பெரும்பாலும் வெல்மா கையால் சாப்பிட்டவர்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் அவள்தான் கரண்டி பிடித்தாள். வரிசையில் இரண்டு பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டால் வெல்மா கத்த மாட்டாள். கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். பின்னால் நிற்கிற பசித்த கூட்டம் அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ளும். திங்கட்கிழமை வந்து நிற்கிற சில பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாலே வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அந்தத் தட்டில் கூட ஒரு கரண்டி விழும். இதையும் அவள் என்னிடம் சொன்னதில்லை. பிள்ளைகள் வளர்ந்து என் பேருந்தில் ஏறியபோது அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவள் வேலையை விட்ட வருஷம்தான் ஒரு போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் ஒரு மனிதரின் உயிர் போய் நாடே தெருவில் இறங்கியது. எங்கள் ஊரும் இறங்கியது. அந்தச் சூட்டில் மாநகர மன்றம் பட்ஜெட் கணக்கில் எங்களுக்கும் ஒரு வரி எழுதிப் பணம் ஒதுக்கியது. தெருச் சண்டை துப்பாக்கி வரைக்கும் போகாமல் அந்தந்தத் தெரு ஆட்களே போய் நின்று தடுக்க வேண்டும், அவர்களுக்கு நகரமே சம்பளம் கொடுக்கும் என்பது ஏற்பாடு. போலீசுக்கு ஒதுக்குவதில் ஓரத்தில் சிந்துகிற அளவு பணம்தான். ஆனாலும் சம்பளம் சம்பளம்தானே. ஆறு பேருக்கு ஆரஞ்சுச் சட்டை கொடுத்தார்கள். மூடிப்போன சலவைக்கடை ஒன்று அலுவலகமானது. குவின்சி என்பவன் தலைவன். சின்ன வயதில் ஜெயிலுக்குப் போய் வந்தவன், இப்போது சர்ச்சில் பாடுகிறான், கொஞ்சம் அதிகமாகவே பாடுகிறான். அவன் முதலில் தேடி வந்தது வெல்மாவைத்தான். "உங்க முன்னாடி எவனும் தலைய நிமித்த மாட்டான் மிஸ் வெல்மா, எல்லாப் பயலும் உங்க உப்ப தின்னவன்" என்றான்.

அவர்களுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. கேட்டதைச் சொல்லக் கூடாது. போலீசிடம் சொல்லக் கூடாது, பத்திரிகையில் சொல்லக் கூடாது, கட்டின புருஷனிடமும் சொல்லக் கூடாது. ஒரு தடவை சொல்லிவிட்டால் அதற்கப்புறம் எந்தப் பையனும் அந்த ஆரஞ்சுச் சட்டையின் பக்கத்தில் வந்து நிற்க மாட்டான். இந்தச் சட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றால் வெல்மாவைவிடப் பொருத்தமானவள் இந்த மாநிலத்திலேயே கிடையாது. அவள் பிறந்ததே அதற்காகத்தான் என்று நான் கேலி செய்வேன்.

கிட்டத்தட்ட மூன்று வருஷத்துக்கு முந்திய ஒரு சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் வரும் பையன்களின் பெயர், தெரு எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். தேடாதீர்கள்.

டேவியன் என்று ஒரு பையன். அவன் அண்ணனை ஒருவன் சுட்டுக் கொன்றுவிட்டான். சுட்டவன் பிடிபட்டு உள்ளே போய்விட்டான். சுட்டவனுக்கும் ஒரு தம்பி உண்டு, பெயர் கார்னெல். டேவியனின் கோபமெல்லாம் இப்போது வெளியில் இருக்கும் அந்தக் கார்னெல் மேல்தான் இருந்தது. அவனும் தம்பி, இவனும் தம்பி. எங்கள் தெருக்களில் கணக்கு இப்படித்தான் ஓடும்.

அந்தச் சனிக்கிழமை அண்ணனின் அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு நடந்தது. பொரித்த கோழி, கீரை, வெல்மா செய்த மக்ரோனி. அந்த மக்ரோனிக்காக மூன்று தடவை வரிசையில் வருகிற பையன் டேவியன். அன்றைக்குத் தட்டை வாங்கினவன் வாயில் வைக்கவில்லை. அறையில் அத்தனை வெக்கை, ஆனால் கோட்டைக் கழற்றவும் இல்லை. தட்டை மேஜையில் வைத்துவிட்டு வாசல் பக்கம் நடந்தான். நான் அதற்கு முன்பே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வெளியே காரில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தேன். டேவியன் தன் காரில் ஏறினான். பின்னாலேயே ஏப்ரனோடு வெல்மா வந்தாள். கையில் அவன் தட்டு, மேலே அலுமினியத் தாள் போட்டு மூடியிருந்தது. முன் கதவைத் திறந்து அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய் வெல்மா!" என்று கத்தினேன். சர்ச் வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள், அவள் மட்டும் திரும்பவில்லை.

நான் பின்னாலேயே போனேன். பேருந்து ஓட்டினவனுக்கு ஒரு காரைத் தொடர்ந்து போவது பெரிய காரியமா? காருக்குள் நடந்த பேச்சை டேவியன் இந்த வருஷம்தான் என்னிடம் சொன்னான்.

"எறங்குங்க மிஸ் வெல்மா."

"நீ போற எடத்துக்கு நானும் வரேன். வண்டிய எடு."

"நான் எங்க போறேன்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியும்டா. தெரிஞ்சுதான் ஏறினேன். எடு, சோறு ஆறுது."

கார் நேராகக் கார்னெல் வீட்டு முன்னால் போய் நின்றது. பச்சைக் கதவு வைத்த வீடு. இஞ்சினை அவன் நிறுத்தவில்லை. நான் நாலு வீடு தள்ளி நிறுத்திவிட்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் பாதி பாதியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே அவன், "நீங்க இங்கயே இருங்க" என்றிருக்கிறான்.

"நான் எதுக்கு இருக்கணும்? நானும் வரேன். கதவ தட்டினா அவன் அம்மாதான் வந்து தொறப்பா. முட்டி வலிக்காரி, மெதுவாதான் வருவா. நின்னு அந்த மூஞ்சிய முழுசா பாரு. உங்க அம்மா மூஞ்சிய இன்னிக்குக் காலைல பாத்தல்ல, அதே மூஞ்சிதான். அப்புறம் என்ன பண்ணணுமோ பண்ணு."

ரொம்ப நேரம் கார் அப்படியே நின்றது. பிறகு கிளம்பி ஏரிக்கரைக்குப் போயிற்று. நானும் போனேன். பனி படிந்த கண்ணாடி வழியாக நான் பார்த்தது ஒன்றுதான். பிளாஸ்டிக் முள்கரண்டி ஒன்று மேலும் கீழும் போய் வந்தது. பையன் அழுதுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நானும் என் காரில் உட்கார்ந்து அழுதேன், சொல்வதற்கு எனக்கென்ன வெட்கம்? அவன் இடுப்பில் இருந்தது என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்காதீர்கள். ஏரி ஆழமானது.

வீட்டுக்கு வந்ததும் வெல்மா ஏப்ரனை அவிழ்த்துத் துவைக்கப் போட்டாள். "காரம் கொஞ்சம் கூடிப்போச்சு மக்ரோனில" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பச்சைக் கதவு வீட்டு முன்னால் அந்தக் கார் நின்றது கார்னெலுக்குத் தெரிந்துபோயிற்று. தெரியாமல் இருக்குமா, ஊரில் எல்லா ஜன்னலுக்கும் கண் உண்டு. தன்னை ஒருவன் தேடி வந்தான் என்று தெரிந்தால், அவன் மறுபடி வருவதற்குள் இவன் முந்திக்கொள்வான். அதுதான் வழக்கம். டேவியன் தன் அம்மா வீட்டைவிட்டுப் போனான். எங்கே குடியிருக்கிறான் என்று யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பகையுள்ள பையன் விலாசம் சொல்ல மாட்டான். பிட்சா வாங்கினால்கூடத் தெருமுனைக்கு வந்து வாங்கிக்கொண்டு போவான். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் ஒவ்வொரு சைரனுக்கும் எழுந்து உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கர்த்தர் கிருபை என்று விட்டுவிட்டேன். டேவியன் டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது.

இனிமேல் பட்ஜெட் கதை. போன இலையுதிர் காலத்தில் மேயர் அடுத்த வருஷத்து பட்ஜெட்டை வைத்தார். அதில் ஆரஞ்சுச் சட்டைக்கு எழுதின வரி இல்லை. வாஷிங்டனிலிருந்து வந்துகொண்டிருந்த உதவிப் பணம் தீர்ந்துவிட்டதாம், நகரத்திடம் காசு இல்லையாம், இந்தத் திட்டத்தால் என்ன பலன் என்றும் தெரியவில்லையாம். இதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. செத்தவனுக்கு டாக்டர் சான்றிதழ் கொடுக்கிறார். சாகாதவனுக்கு யார் கொடுப்பது? நடக்காத கொலைக்கு நான் எங்கே போய் அத்தாட்சி வாங்குவேன்?

குவின்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். வெல்மா அடுக்களை மேஜையில் சர்க்கரைவள்ளி சீவிக்கொண்டிருந்தாள். அவன் கோட்டைக் கழற்றாமலே ஆரம்பித்தான்.

"மன்றத்துல அடுத்த வாரம் பொதுஜனம் பேசலாம். ஆளுக்கு ரெண்டு நிமிஷம். நான் புள்ளிவிவரம் சொன்னா கொட்டாவி விடுவாங்க. நீங்க பேசணும் மிஸ் வெல்மா. ஒரே ஒரு கதை. பேரு வேணாம், தெரு வேணாம். ஒரு பையன், ஒரு காரு, நீங்க. அவ்ளோதான்."

"ஒரு பையன், ஒரு காரு, நான்னு சொன்னா போதாதா? நான் எந்தக் கார்ல ஏறினேன்னு சர்ச் வாசலே பாத்துச்சு. எதுக்கு ஏறினேன்னு மட்டும்தான் யாருக்கும் தெரியாது. அதையும் நான் மைக்ல சொல்லணுமா?"

"சொல்லலேன்னா ஜனவரிலேர்ந்து சட்டையே கிடையாது. அப்ப அடுத்த பையனோட கார்ல யாரு போய் உக்காருவா?"

வெல்மாவின் கத்தி நின்றுவிட்டது. குவின்சி கொஞ்சம் இறங்கி வந்தான். "அந்தப் பையன்கிட்டயே கேட்டுப் பாப்போமே. அவன் சரின்னுட்டா?"

"சரின்னுதான் சொல்லுவான். எனக்காகச் சொல்லுவான். அதனாலதான் கேக்கக் கூடாது" என்றாள் வெல்மா. பிறகு எழுந்து அவனுக்குத் தட்டு வைத்தாள். "சாப்ட்டுட்டுப் போ. பாடிப் பாடி எளைச்சுப் போய்ட்ட."

அவன் போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. "ஏன்டி, அது நடந்து ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. அவனும் ஒழுங்கா இருக்கான். இன்னும் என்ன வாய்ப்பூட்டு?" என்றேன்.

"சொன்னா அவனுக்கு ஆபத்து. சொல்லாட்டி முகம் தெரியாத ஒருத்தனுக்கு ஆபத்து. ரெண்டுல எதுய்யா பெருசு? நீதான் எல்லாத்துக்கும் பதில் வெச்சிருப்பியே, சொல்லேன்" என்றாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. நான் குனிந்து சர்க்கரைவள்ளித் தோலைப் பொறுக்கினேன்.

கூட்டத்துக்குப் போனோம். மன்றக் கூடம் பழைய கட்டடம், தேக்கு நாற்காலிகள், குளிர் காலத்திலும் வேர்க்கிற அளவுக்கு ஹீட்டர். எங்கள் பக்கத்து ஜனம் நிறைய வந்திருந்தது. குவின்சி எல்லோரையும் கூப்பிட்டிருந்தான். நான் தலை எண்ணிப் பழகினவன், உள்ளே நுழைந்ததும் பார்த்துவிட்டேன். கடைசி வரிசையில் இந்த ஓரம் டேவியன், டயர் கடைச் சட்டையோடு. அந்த ஓரம் கார்னெல், தன் அம்மாவோடு. நடுவில் இருந்த நாற்காலிகளில் உட்கார ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

மைக்கில் பேசுவதற்கு முறை உண்டு. முதலில் பெயரும் வீட்டு விலாசமும் உரக்கச் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்தானா என்று தெரிய வேண்டுமாம். பிறகு இரண்டு நிமிடம். சிவப்பு விளக்கு எரிந்தால் இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான். உங்களுக்குப் பேச விருப்பம் இல்லை என்றால் உங்கள் நிமிடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அதற்கும் மைக்குக்கு வந்து பெயரும் விலாசமும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

குவின்சி பேசினான். கொட்டாவி விட்டார்கள். அடுத்தது வெல்மா. பெயர் சொன்னாள், விலாசம் சொன்னாள், என்ன வேலை செய்கிறாள் என்றும் சொன்னாள். நிதிக் குழுவில் ஹார்ட்விக் என்று ஒரு உறுப்பினர், மெலிந்த ஆள். கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். மரியாதையாகத்தான் கேட்டார்.

"அம்மா, உங்க வேலைய நான் மதிக்கிறேன். ஆனா எங்க பக்கத்து ஜனங்க, ரோடு போட காசு இல்ல, இதுக்கு மட்டும் எப்படி இருக்குன்னு கேக்கறாங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்ல? ஒரே ஒரு உதாரணம் குடுங்க. நீங்க தடுத்தது ஒண்ணே ஒண்ணு. நான் போய்ச் சொல்றேன்."

"முடியாதுங்க ஐயா."

"ஒண்ணுகூடவா இல்ல?"

"இருக்கு. சொல்ல முடியாது."

கூடத்தில் முணுமுணுப்பு. குவின்சி முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். ஹார்ட்விக் கையை விரித்தார். "கண்ணுல காட்டாத ஒண்ணுக்கு நான் எப்படிம்மா கை தூக்கறது?" சிவப்பு விளக்கு எரிந்தது.

அடுத்த பெயர் என்னுடையது. மைக்குக்குப் போனேன். வெல்மா இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அந்தச் சனிக்கிழமை முழுக்க என் நாக்கு நுனியில் வந்து நின்றது. கோட்டு, தட்டு, பச்சைக் கதவு, ஏரி, முள்கரண்டி. நான் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவன் இல்லை, எனக்கு யாரும் சட்டை கொடுக்கவில்லை. பேசினால் இரண்டு நிமிடத்தில் அந்தக் கூடத்தையே அழ வைத்திருப்பேன். வெல்மா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலை ஆட்டவில்லை, கண்ணால் கெஞ்சவும் இல்லை. சும்மா பார்த்தாள். நான் சொல்ல மாட்டேன் என்று அவள் நம்பியிருந்தாள். இத்தனை வருஷமாக ஓயாமல் வளவளக்கிற என்னை அவள் நம்பியிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ரூஃபஸ் கேஸ்கின்ஸ்" என்றேன். விலாசம் சொன்னேன். "என்னோட ரெண்டு நிமிஷத்த என் பொண்டாட்டிக்குக் குடுக்கறேன். முப்பது வருஷமா அதத்தான் பண்ணிட்டிருக்கேன்."

சிரிப்பு எழுந்தது. ஹார்ட்விக்கும் சிரித்தார். வெல்மா மைக்கைப் பிடித்தாள்.

"ஐயா, நீங்க ஒரு பையனக் காட்டச் சொல்றீங்க. நான் காட்டினா அவனுக்கு ஆபத்து வரும். காட்டலேன்னா நீங்க இந்த வரிய அடிச்சுடுவீங்க, அப்ப இன்னொரு பையன் சாவான். அவன் பேரு எனக்கு இன்னும் தெரியாது. ஆனா அவனுக்கும் நான்தான் சோறு போட்டிருப்பேன். ஒரு வாரமா இதையேதான் யோசிச்சிட்டிருக்கேன். எனக்கு ஒண்ணும் புடிபடல. எங்கிட்ட வேற பேச்சு இல்லீங்க."

மிச்ச நேரம் அவள் மைக்கைப் பிடித்தபடியே நின்றாள். விளக்கு எரிந்தது. அடுத்து ஒரு கிழவி, எங்கள் சர்ச்சுக்காரி, கைத்தடியோடு வந்து தன் நிமிடத்தை வெல்மாவுக்குக் கொடுத்தாள். அடுத்து முடிதிருத்தகம் வைத்திருப்பவர் கொடுத்தார். வெல்மா கையை ஆட்டி, "வேணாம், வேணாம், நான் முடிச்சுட்டேன்" என்றாள். யாரும் கேட்கவில்லை.

அப்போது கடைசி வரிசையில் டேவியன் எழுந்தான்.

அவன் நடு வழியாக மெதுவாக நடந்து வந்தான். எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறான் என்று நினைத்தேன். வெல்மாவும் அப்படித்தான் நினைத்தாள். "டேய், உக்காரு" என்று வாய்க்குள் சொன்னாள். அவன் மைக்கை உயர்த்தி வைத்துக்கொண்டான். பெயர் சொன்னான். நிறுத்தினான்.

"விலாசம்?" என்றார் மன்றத் தலைவர் அம்மாள்.

எங்கள் ஜனம் மூச்சு விடவில்லை. டேவியன் திரும்பிக் கடைசி வரிசையின் அந்த ஓரத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஹாலிஸ் தெரு, ஏழாம் நம்பர். மேல் வீடு. பின்பக்கப் படி வழியா வரணும். என் நிமிஷத்த மிஸ் வெல்மாவுக்குக் குடுக்கறேன்."

அவ்வளவுதான். போய் உட்கார்ந்துவிட்டான். தலைவர் அம்மாள் அடுத்த பெயரைப் படித்தார், யாருக்கும் காது கேட்கவில்லை. கார்னெலின் அம்மா தன் மகனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் கையை எடுத்துவிட்டு எழுந்தான். நானும் எழுந்துவிட்டேன். வயதான பேருந்து ஓட்டுநர் எழுந்து என்ன கிழிக்கப் போகிறான், ஆனாலும் எழுந்தேன். கார்னெல் மைக்குக்கு வந்தான். பெயர் சொன்னான். பச்சைக் கதவு வீட்டின் விலாசத்தை, நம்பரோடு, நிதானமாகச் சொன்னான்.

"என்னோடதும் மிஸ் வெல்மாவுக்குத்தான்."

பின்னால் எங்கேயோ ஒரு பெண் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். டேவியனின் அம்மா. எங்கள் வரிசைகளில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். மேடையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பையன்கள் விலாசம் சொன்னதற்கு ஏன் இந்த ஜனம் அழுகிறது? ஹார்ட்விக் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கடைசி வரிசையின் அந்த ஓரத்தையும் இந்த ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்கு இன்னும் நெறைய நேரம் இருக்கு" என்றார்.

"எனக்கு ஒக்காரணும்" என்றாள் வெல்மா. அவளால் நிற்க முடியவில்லை.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்க வேண்டாம். அந்த வரியைத் திருப்பி வைத்தார்கள், ஒரே ஒரு வருஷத்துக்கு. அதையும் குறைத்து வைத்தார்கள். ஆறு சட்டை நாலாயிற்று. ஹார்ட்விக் கை தூக்கினார். அவர் தன் பக்கத்து ஜனத்திடம் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று எனக்குத் தெரியாது. வருகிற நவம்பரில் மறுபடியும் போய் அந்த மைக் முன்னால் நிற்க வேண்டும். நாதியற்ற பிழைப்பு.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. அன்றைக்குக் கூட்டம் முடிந்து கூடத்தைவிட்டு வெளியே வந்தோம். மாநகர மன்றத்துப் பெரிய மாடிப்படியில் வெல்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள், நான் இன்னொரு பக்கம். பாதிப் படியில் டேவியன் நின்றுகொண்டிருந்தான். கீழிருந்து கார்னெல் ஏறி வந்தான். இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். அத்தனை கிட்டத்தில் ஒருவன் மற்றவனை நெருங்கியதே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கார்னெல் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "உன் வீட்டுப் பின்படி இருக்கே" என்றான். "மேலேர்ந்து ரெண்டாவது. ஆணி கழண்டு கெடக்கு. கொழந்தைய தூக்கிட்டு ஏறுற, பாத்து."

டேவியன் முகத்தில் இரத்தமே இல்லை. "நீ எப்ப வந்த?"

"போன வருஷம் மார்ச்சுல. உன் வண்டி நிக்கறதப் பாத்து ஏறினேன். கதவு வரைக்கும் வந்துட்டேன்."

"அப்புறம்?"

கார்னெல் மெல்லத் திரும்பினான். வெல்மாவைப் பார்த்தான். வெல்மா கைப்பையைத் திறந்து எதையோ தேடுவது மாதிரி குனிந்துகொண்டாள்.

"ரெண்டு பேரு உக்காந்தா அந்தப் படி தாங்காதுன்னு அன்னிக்கே சொன்னேன்ல" என்றாள், கைப்பையைப் பார்த்துக்கொண்டே. "நீ கேட்டாத்தானே. சட்டை பட்டனப் போடுடா, வெளிய குளிருது."

டேவியன் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கார்னெல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவனுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தான். வெல்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாய்யா, போலாம். அவங்க இருக்கட்டும்."

காரில் ஏறி ஹீட்டரைப் போட்டேன். போன வருஷம் மார்ச்சு. சர்ச்சில் பாட்டுப் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போனவள் நனைந்து வந்து இருமிக்கொண்டு படுத்தாளே, அந்த மார்ச்சு. நான் அவளைத் திட்டினேன், கஞ்சி வைத்துக் கொடுத்தேன், வயசுக்குத் தகுந்த மாதிரி நட என்று புத்தி சொன்னேன். அவள் இருமிக்கொண்டே தலையாட்டினாள். ஒருத்தன் காருக்குப் பின்னால் போய்விட்டு எல்லாம் எனக்குத் தெரியும் என்று இரண்டு வருஷமாக இறுமாந்திருந்தேன். பாதி கதைகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கர்த்தர் கிருபை என்று நான் நினைத்தது ஒரு மழைச் சாயங்காலம் ஆட்டங்கண்ட மரப்படியில் கார்னெல் பக்கத்தில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது.

"வெல்மா, பாட்டுப் பயிற்சின்னு சொன்னியே" என்றேன். "நீ பொய் சொல்ல மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன்."

"பயிற்சிக்குதான் போனேன்" என்றாள் அவள். "போற வழியில எறங்கிட்டேன்."

என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை. இன்னும் எத்தனை வாசல், எத்தனை படி என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.